மறைந்த மாநகராட்சிப் பணியாளரின் பெயரில் ஒரு மரப்பூங்கா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் என்னும் நான்கு மண்டலங்களிலும் கன்று நட்டவர்கள், தண்ணீர் திறந்துவிட்டவர்கள், விடியும் முன்னே தெருவைக் கூட்டியவர்கள் பலர் தம் பணிக்காலம் முழுவதையும் இந்த ஊருக்குக் கொடுத்துவிட்டு மறைந்திருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரின் நினைவாகப் பொது மரப்பூங்கா ஒன்றுக்குப் பெயர் சூட்ட வேண்டும் என்று விரும்பும் குடியிருப்போருக்கும், அவருடன் பணியாற்றியவர்களுக்கும், அவர்தம் குடும்பத்தாருக்கும் எழக்கூடிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதப்பட்டுள்ளது. நடைமுறையோடு, இப்படிப்பட்ட பெயர் எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்பது பற்றிய என் கருத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

மரப்பூங்கா என்பது வழக்கமான பூங்காவிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

வழக்கமான பூங்காவில் நடைபாதை, ஊஞ்சல், புல்தரை, இருக்கை ஆகியவை முதன்மையானவை. மரங்கள் நிழலுக்காக நிற்கும். மரப்பூங்காவில் மரங்களே முதன்மை. எந்த மரம், எங்கிருந்து வந்த விதை, எந்த ஆண்டில் நட்டது என்பவை பதிவேட்டில் இருக்கும்; ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணும் பெயர்ப் பலகையும் இருக்கும்; பார்க்க வருபவர் யாருடைய துணையும் இல்லாமல் மரங்களை அடையாளம் கண்டு திரும்ப முடியும். உலக அளவில் மரப்பூங்காக்களுக்கு அங்கீகாரம் வழங்கும் ஆர்ப்நெட் அமைப்பு, முதல் நிலைத் தகுதிக்குக் குறைந்தது 25 இன மரங்கள் வேண்டும் என்கிறது. அந்த அங்கீகாரத்தை நாம் நாட வேண்டும் என்பதில்லை. ஆனால், ஒரு தெருவோரத் தோப்பை மரப்பூங்கா என்று அழைப்பதற்கு முன் 25 இனங்களாவது இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பது நல்ல அளவுகோல்.

தலைவர்கள், அறிஞர்கள் பலர் இருக்க, ஏன் ஒரு பணியாளரின் பெயர்?

தலைவர்களுக்குச் சாலை, மேம்பாலம், பேருந்து நிலையம், விளையாட்டு மைதானம் என்று எத்தனையோ இடங்கள் உள்ளன. அவற்றில் பெயருக்கும் இடத்துக்கும் நேரடித் தொடர்பு பெரும்பாலும் இராது. மரியாதை ஒன்றே காரணமாக இருக்கும். மரப்பூங்கா அப்படியன்று. நடப்பட்ட நாளிலிருந்து பல ஆண்டுகள் யாரோ ஒருவர் நாள்தோறும் தண்ணீர் விட்டு, களை எடுத்து, ஆடு மாடு மேயாமல் காத்தால்தான் அது நிலைக்கும். அந்த உழைப்பைச் செய்தவரின் பெயரையே அதற்குச் சூட்டும்போது பெயரும் பூங்காவும் ஒன்றையொன்று விளக்குகின்றன. திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் 1866இல் நகராட்சிகளாயின; 1994இல் மாநகராட்சி உருவானது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நடந்துவரும் நகர நிர்வாகத்தில் கீழ்நிலையில் உழைத்தவர்களின் பெயர்கள் சம்பளப் பட்டியலோடு மறைந்துபோயின. அதை ஓரிடத்திலாவது மாற்ற வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

இதற்கு முன்னுதாரணம் உண்டா?

உண்டு, நம் ஊரின் நடுவிலேயே உண்டு. தாமிரபரணியின் குறுக்கே திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைத்து 1843இல் திறக்கப்பட்ட பாலம், அதைக் கட்டிய பொறியாளரின் பெயரையோ அன்றைய கலெக்டரின் பெயரையோ தாங்கவில்லை. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக (தலைமை எழுத்தராக) இருந்த சுலோச்சன முதலியார், ஆற்றைக் கடக்க மக்கள் பட்ட துன்பத்தைக் கண்டு தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து அதைக் கட்டச் செய்தார் என்பதால் அவர் பெயரே இன்றும் வழங்குகிறது. ஓர் அலுவலக ஊழியரின் பெயரை ஊர் இத்தனை தலைமுறையாகச் சொல்லிவருகிறது. ஆனால் அவர் பெருஞ்செல்வர் என்பதையும் மறக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் மரங்களோடு தொடர்புடைய இடங்களைப் பார்த்தால், குன்னூரின் சிம்ஸ் பூங்கா அன்றைய சென்னை அரசின் செயலாளர் ஒருவரின் பெயரையும், கோவையிலுள்ள காஸ் வன அருங்காட்சியகம் வனப் பாதுகாவலர் ஒருவரின் பெயரையும் தாங்கியுள்ளன. வெட்டித் தீர்க்கப்பட்டிருந்த ஆனைமலைத் தேக்குக் காட்டை மீண்டும் வளர்த்தெடுத்த வன அலுவலர் ஹியூகோ வுட்டின் கல்லறை டாப்ஸ்லிப் அருகே இருக்கிறது. தம் நினைவுச் சின்னத்தைக் காண விரும்புவோர் சுற்றிலும் பார்க்கட்டும் என்னும் கருத்துடைய இலத்தீன் வாசகம் அதில் உள்ளது. இவர்கள் அனைவரும் உயர் பதவியில் இருந்தவர்கள்.

கடைநிலைக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கிடைக்கிறது. அங்குள்ள படகு மதகுகளை நிர்வகிக்கும் ராணுவப் பொறியாளர் பிரிவில் தோட்டப் பணியாளராகச் சேர்ந்த கார்ல் இங்கிலிஷ், 43 ஆண்டுகள் அதே இடத்தில் இருந்து, உலகின் பல பகுதிகளிலிருந்து விதைகளை வரவழைத்து, கட்டுமானம் முடிந்து வெறுமையாகக் கிடந்த சுமார் ஏழு ஏக்கர் நிலத்தைத் தாவரத் தோட்டமாக்கினார். அத்தோட்டம் இன்று அவர் பெயரிலேயே இருக்கிறது. பெயர் அங்கே பரிசாக வந்து ஒட்டிக்கொண்டதன்று. அவர் செய்த வேலையின் பெயரே தோட்டத்தின் பெயராயிற்று. நமக்கு மாதிரி இதுதான்.

எந்தப் பணியாளரின் பெயரைப் பரிந்துரைக்கலாம்? தோட்டப் பிரிவில் இருந்தவராகத்தான் இருக்க வேண்டுமா?

இல்லை. பூங்காப் பணியாளர் மிகப் பொருத்தமானவர் என்பது உண்மை. ஆனால் தெருவைக் கூட்டும்போதே ஓரத்துக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக் காத்த தூய்மைப் பணியாளரும், குடிநீர்த் தொட்டி வளாகத்தில் தாமாகவே மரம் வளர்த்த தொட்டி இயக்குபவரும், மரத்தை வெட்டாமல் வடிகாலின் தடத்தை மாற்றி வரைந்து கொடுத்த மேற்பார்வையாளரும் தகுதியுடையவர்களே. மரத்தோடு அவருக்கு இருந்த உறவை அக்கம்பக்கத்தார் தம் கண்ணால் கண்டிருக்க வேண்டும் என்பதே முதல் தகுதி. பதவியின் உயரம் தகுதியாகாது.

இன்று நகரத் தூய்மைப் பணியில் பெரும்பகுதி ஒப்பந்த முறையில் நடக்கிறது. அவ்வாறு பணிபுரிந்தவர் மாநகராட்சியின் நிரந்தர ஊழியர் அல்லர் என்று சொல்லி அவருடைய பெயரைத் தள்ளிவைப்பது நியாயமாகாது. அவர் உழைத்தது ஊருக்காக; சம்பளத்தை எந்த நிறுவனம் கொடுத்தது என்பது நினைவுக்குத் தேவையில்லாத செய்தி.

பணியில் உள்ளவர்கள், உயிருடன் இருப்பவர்கள் ஆகியோரின் பெயரைத் தவிர்ப்பதே நல்லது. மறைவுக்குப் பின்னும் ஓராண்டாவது காத்திருந்து பரிந்துரைக்கலாம். துக்கம் சூடாக இருக்கும்போது எடுக்கும் முடிவை எதிர்த்துப் பேச எவருக்கும் மனம் வராது. பேசப்படாத ஐயங்கள் பிற்காலத்தில் தலைதூக்கும்.

பெயர் சூட்டும் அதிகாரம் யாருக்கு? எங்கே தொடங்க வேண்டும்?

இந்திய அரசமைப்பின் 74ஆம் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் வழி சேர்க்கப்பட்ட பன்னிரண்டாம் அட்டவணையில், நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பொருள்களுள் நகர்ப்புற மரவளர்ப்பும், பூங்கா, தோட்டம், விளையாட்டிடம் ஆகிய வசதிகளும் இடம்பெற்றுள்ளன. எனவே மாநகராட்சிக்குச் சொந்தமான இடமாக இருந்தால், மாமன்றத்தின் தீர்மானமே அடிப்படை ஆவணம். தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998, அதற்கான 2023ஆம் ஆண்டு விதிகள் ஆகியவற்றின் கீழ்தான் இப்போது மாநகராட்சிகள் இயங்குகின்றன.

தொடங்க வேண்டிய இடம் மாமன்றம் அன்று, வார்டு. 2022இல் நடைமுறைக்கு வந்த வார்டு குழு, பகுதி சபை ஏற்பாடு இதற்கு மிகவும் பொருத்தமானது. முதலில் வார்டின் ஒரு பகுதியில் குடியிருப்போர் கூடும் பகுதி சபையில் கருத்தை முன்வைத்து, அங்கு எழும் ஆட்சேபங்களைக் கேட்டு, அவற்றுக்கான பதில்களையும் சேர்த்து விண்ணப்பம் எழுத வேண்டும். அதில் பணியாளரின் பணி விவரம், அவர் வளர்த்த மரங்கள் நிற்கும் இடங்கள், அவற்றின் படங்கள், அவரை அறிந்தவர்களின் எழுத்து வடிவச் சாட்சியங்கள், குடும்பத்தாரின் ஒப்புதல் ஆகியவை இருக்கட்டும். வார்டு உறுப்பினரின் பரிந்துரையுடன் அது மண்டல அலுவலகம் வழியாக ஆணையருக்குச் செல்லலாம். மாமன்றக் கூட்டப் பொருளாக வைக்கப்பட்டுத் தீர்மானமாகலாம். தீர்மானத்துக்குப் பின் அரசின் அனுமதி தேவைப்படுமா என்பதைத் தொடக்கத்திலேயே ஆணையர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கிடைக்கும் உறுதி, அதிகாரி மாறுதலாகும் நாளோடு முடிந்துபோகும்.

நம் பகுதியில் பெயர் சூட்டினால் சாதிச் சிக்கல் வராதா?

இந்தக் கேள்வியைத் திருநெல்வேலிச் சீமையில் யாரும் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது. 1997 வரை இந்த மாவட்டம் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்றும், தூத்துக்குடி சிதம்பரனார் மாவட்டம் என்றும் வழங்கின. போக்குவரத்துக் கழகங்களும் தலைவர்களின் பெயர்களைத் தாங்கி ஓடின. கட்டபொம்மனின் படைத்தளபதியான வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் ஒன்று அறிவிக்கப்பட்டபோது தென்மாவட்டங்களில் சாதி மோதல்கள் வெடித்தன. உயிர்கள் போயின. அதன் பிறகு எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு ஒட்டுமொத்தமாக நீக்கியது. அந்த ஆண்டுகளைக் கண்டவர்கள், பொது இடத்துக்கு ஒரு மனிதரின் பெயர் என்றதும் தயங்குவது இயல்பு. அந்தத் தயக்கத்தை மதித்தே நாம் பேச வேண்டும்.

அதற்கு மூன்று வழிகளைச் சொல்வேன். பெயரில் சாதிப் பின்னொட்டு எந்த வடிவிலும் வரக்கூடாது. தலைப்பெழுத்து, பெயர், அவர் செய்த பணி ஆகியவை மட்டும் போதும். தெருக்கள் முதலியவற்றின் பெயர்களிலிருந்து சாதியை நீக்க 1978லேயே அரசு அறிவுறுத்தியது. 2025 அக்டோபரிலும் அதற்கென ஆணை பிறப்பித்தது. புதிதாக வைக்கும் பெயர் அந்தத் திசையில் இருப்பதே முறை. அடுத்து, பரிந்துரையில் கையொப்பமிடுவோர் ஒரே தெருவினராகவோ, ஒரே சமூகத்தினராகவோ, ஒரே சங்கத்தினராகவோ இருத்தலாகாது. அவர் பணிசெய்த எல்லாத் தெருக்களிலிருந்தும் கையொப்பம் வர வேண்டும்; வராத தெருவுக்கு நேரில் சென்று காரணம் கேட்க வேண்டும். மூன்றாவதாக, திறப்பு நாளிலும் ஆண்டு நினைவு நாளிலும் கொடி, ஃபிளெக்ஸ், ஊர்வலம் இவை வேண்டாம் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் எதிர்ப்பு நீடித்தால் பெயரைத் திணிக்க வேண்டாம். பூங்காவை நட்டு வளர்த்துவிட்டு, சில ஆண்டுகள் கழித்து மீண்டும் பேசலாம்.

குடும்பத்தாரின் சம்மதம் கட்டாயமா?

கட்டாயம். எழுத்தில் வாங்க வேண்டும். பலகையில் எதை எழுதுகிறோம், எந்தப் படத்தை வைக்கிறோம் என்பதை முன்னரே காட்டி ஒப்புதல் பெற வேண்டும். வீட்டு முகவரி, நோய், இறப்பின் காரணம் போன்றவை பலகைக்கு உரியவை அல்ல. பூங்காவுக்குப் பணம் தர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு குடும்பத்தின்மேல் ஒருபோதும் விழக்கூடாது. நிலுவையில் இருக்கும் பணப்பயன்களோ கருணை அடிப்படை வேலை விண்ணப்பமோ இருந்தால், பெயர் சூட்டல் அதற்கு ஈடாகாது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

எந்த நிலத்தைத் தேர்ந்தெடுக்கலாம்?

மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கென ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கப்பட்ட இடங்களே முதல் தேர்வு. பெரிய மனைப்பிரிவுகளில் பத்து விழுக்காடு நிலம் திறந்தவெளியாக ஒதுக்கப்பட வேண்டும் என்பது விதி. நகரின் விரிவாக்கப் பகுதிகளில் இவ்வாறு ஒதுக்கப்பட்ட இடங்கள் பல, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கின்றன. தான ஆவணம் மாநகராட்சியின் பெயரில் பதிவாகியுள்ளதா, இடத்தின் எல்லை அளந்து கல் நடப்பட்டுள்ளதா என்பதைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

குளத்துக்குள்ளும் கால்வாய்க் கரையிலும் இடம் காலியாகத் தெரியும். அங்கே கை வைக்க வேண்டாம். பாளையங்கால்வாயும் திருநெல்வேலிக் கால்வாயும் நகருக்குள் ஓடினாலும், அவற்றின் கரைகள் நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளவை. குளங்களின் நீர்ப்பிடிப்பு நிலத்தில் எதையும் அமைப்பது 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்துக்கு எதிராகப் போகக்கூடும். மேலும் 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த மழையில் தாமிரபரணி எங்கெங்கே ஏறி நின்றது என்பதை ஊரில் எல்லோரும் அறிவோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவான அந்த நாள்களில் நீர் தேங்கிய தாழ்ந்த நிலத்தில் இளங்கன்றுகளை நட்டால், மருதும் நாவலும் தாங்கலாம்; மற்றவை அழுகிப்போகும்.

எவ்வளவு இடம் வேண்டும்?

ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். மரத்துக்கு மரம் 8 மீட்டர் இடைவெளி விட்டால், ஒரு மரத்துக்கு 64 சதுர மீட்டர் என்ற கணக்கில் சுமார் 60 மரங்கள் வரும். நடைபாதைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடம் விட்டால் 45 முதல் 50 வரை நடலாம். ஆகவே 25 இனங்களில் இனத்துக்கு இரண்டு என்று நட ஓர் ஏக்கர் போதும். ஆல், அரசு, இலுப்பை, புளி ஆகியவற்றுக்கு இந்த இடைவெளி போதாது. அவற்றை ஓரங்களில், கட்டடங்களிலிருந்தும் மின்கம்பிகளிலிருந்தும் விலக்கி நட வேண்டும். குறைந்த இடத்தில் ஏராளமான கன்றுகளை நெருக்கி நடும் அடர்காட்டு முறை வேறு நோக்கத்துக்கு உரியது. அங்கே ஒரு மரம் தன் முழு வடிவத்தைக் காட்டாது. அடிமரத்தைச் சுற்றி வந்து பார்க்கவும் முடியாது.

எந்த மரங்களை நடலாம்?

முதலில் அந்தப் பணியாளர் வளர்த்த மரங்களின் பட்டியலை எடுங்கள். அவர் நட்டு இன்றும் நிற்கும் வேம்பிலிருந்தும் புங்கத்திலிருந்தும் விதை எடுத்து நாற்றங்காலில் வளர்த்து நடுவதைக் காட்டிலும் பொருத்தமான தொடக்கம் இல்லை. அவர் கையால் வைத்த மரத்தின் வழித்தோன்றலே பூங்காவில் நிற்கும். பதிவேட்டிலும் அந்த விதையின் தாய்மரம் எந்தத் தெருவில் உள்ளது என்பது எழுதப்படும்.

அடுத்து, பொருநை நாட்டுக்கு உரிய மரங்கள். நம் கோயில்களின் தலமரங்களை மட்டும் தொகுத்தாலே அழகான வரிசை கிடைக்கும். நெல்லையப்பர் கோயிலுக்கு மூங்கில், குற்றாலத்துக்குக் குறும்பலா, தென்காசிக்குச் செண்பகம், சங்கரன்கோவிலுக்குப் புன்னை, பாபநாசத்துக்குக் களா, திருப்புடைமருதூருக்கு மருதம், ஆழ்வார்திருநகரிக்குப் புளி. இவற்றுள் மூங்கில் புல் வகையைச் சேர்ந்தது, களா குறுமரம் என்ற வேறுபாடுகளையும் பலகையில் எழுதினால் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயன்படும். இதைச் சமய அடையாளமாக அமைக்காமல், ஒரு நிலப்பகுதி தன் மரங்களை எப்படிக் காத்துவந்தது என்பதற்கான சான்றாக அமைக்க வேண்டும்.

நீர்மருது ஆற்றங்கரைக்கு உரியது. தண்ணீர் வசதி உள்ள மூலையில் வைக்கலாம். வறண்ட செம்மண்ணுக்கு வாகை, உசில், குடைவேல், வன்னி, விளா, வில்வம், வேம்பு ஆகியவை தாங்கும். தேரிக்காடு எனப்படும் செம்மணல் நிலப் பக்கத்தின் அடையாளமான பனை கட்டாயம் வேண்டும். பனையில் ஆண் மரமும் பெண் மரமும் வேறுவேறு. அது காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் எது எது என்று நடும்போது தெரியாது. குறைந்தது ஐந்தாறு விதைகளையாவது ஊன்றிவிட வேண்டும். இலுப்பையை நான் தனியாகப் பரிந்துரைக்கிறேன். ஒருகாலத்தில் கோயில் விளக்குகளுக்கு எண்ணெய் தந்த மரம் அது. இரவில் வௌவால்கள் தேடி வரும் பூ அதனுடையது. ஊருக்குள் புதிதாக இலுப்பை நடுவோர் இன்று அரிது.

பொதிகை மலையின் ஈரக்காட்டு மரங்களைக் கொண்டுவந்து சமவெளியில் நட வேண்டாம். மேற்கு மலையின் மழை மறைவில் கிடக்கும் பாளையங்கோட்டை வெயிலில் அவை தாங்கா. காட்டிலிருந்து எடுப்பதும் குற்றம். கொனோகார்பஸ், சீமைக்கருவேலம் ஆகியவற்றுக்கு இங்கே இடமில்லை. மடகாஸ்கரிலிருந்து வந்த செம்மயிற்கொன்றையும் (குல்மோகர்) தென் அமெரிக்காவிலிருந்து வந்த தூங்குமூஞ்சியும் நம் சாலைகளில் பழகிப்போன மரங்கள். ஏற்கெனவே நின்றால் வெட்ட வேண்டாம். அவற்றின் பூர்வீகத்தைப் பலகையில் எழுதினால் போதும்.

இன அடையாளத்தில் ஐயம் வந்தால், பாளையங்கோட்டைக் கல்லூரிகளின் தாவரவியல் துறைகள், ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம், கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி ஆகியவை அருகிலேயே உள்ளன.

கன்று நட எந்தப் பருவம் ஏற்றது?

இப்பகுதியின் நெற்பருவமான பிசானத்தின் நடவுக்கு வயல்கள் தயாராகும் ஐப்பசி மாதமே ஏற்றது. வடகிழக்குப் பருவமழை கன்றை நிலைநிறுத்தித் தரும். ஆனி, ஆடியில் கணவாய் வழியே வீசும் காற்று இளங்கன்றை அலைக்கழித்து வேரைத் தளரச் செய்யும். அந்த மாதங்களில் திறப்பு விழாவுக்காக நடுவதைத் தவிர்க்க வேண்டும். விழா நாளுக்காகக் கன்று காத்திருக்கக் கூடாது.

அவருடைய சிலையை வைக்கலாமா? அஸ்தியைப் புதைக்கலாமா?

இரண்டும் வேண்டாம். பொதுச் சாலைகளிலும் பொதுப் பயன்பாட்டு இடங்களிலும் புதிய சிலைகளுக்கு அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் ஆணையிட்டது. அஸ்தியையோ சமாதியையோ வைத்தால் அந்த இடம் ஒரு குடும்பத்தின் அல்லது ஒரு சமயத்தின் இடமாக மாறத் தொடங்கும். மரத்தடியில் கல் நாட்டி விளக்கேற்றி வழிபடுவது நம் நாட்டு வழக்கம். அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்தப் பூங்காவுக்கு மேலப்பாளையத்துப் பிள்ளையும், பாளையங்கோட்டைத் தேவாலயத் தெருப் பிள்ளையும், டவுன் ரத வீதிப் பிள்ளையும் ஒரே உரிமையோடு வர வேண்டும். நினைவு நாளில் மாலைக்குப் பதிலாக, பட்டுப்போன மரத்தின் இடத்தில் ஒரு கன்று நட்டால் போதும்.

நுழைவாயில் பலகையில் என்ன எழுத வேண்டும்?

பெயரை மட்டும் எழுதிவிட்டால், அடுத்த தலைமுறை அவரை யாரோ ஒரு நன்கொடையாளர் என்று எண்ணிக்கொள்ளும். எனவே அவர் என்ன பணியில் இருந்தார், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்தத் தெருக்களில், எந்த மரங்களை வளர்த்தார் என்பவை நான்கைந்து வரிகளில் இருக்க வேண்டும். “சமூக சேவகர்”, “பசுமைப் போராளி” போன்ற அடைமொழிகள் அவருடைய உண்மையான வேலையை மறைத்துவிடும். “தூய்மைப் பணியாளர்” என்றோ “தோட்டப் பணியாளர்” என்றோ அவர் வகித்த பணியின் பெயரையே பெரிய எழுத்தில் எழுதுங்கள். அதை எழுதக் கூசினால் இந்தப் பெயர் சூட்டலுக்கே பொருளில்லை.

திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், வரவேற்றவர் ஆகியோரின் பெயர்கள் நம் ஊர்க் கல்வெட்டுகளில் பெரும்பகுதி இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அவற்றுக்குத் தனியாக ஒரு சிறு கல் வைத்துக்கொள்ளலாம். நினைவுப் பலகையில் அவை வரக்கூடாது என்று தீர்மானத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.

ஒவ்வொரு மரத்துக்குமான பலகை எப்படி இருக்க வேண்டும்?

மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. தரையில் ஊன்றிய சிறு கம்பத்தில் பொருத்த வேண்டும். தமிழ்ப் பெயர், வட்டார வழக்குப் பெயர், டெர்மினாலியா அர்ஜுனா என்பது போன்ற தாவரவியல் பெயர், பூர்வீகம், நட்ட ஆண்டு, பதிவேட்டு எண் ஆகியவை போதும். பதிவேட்டில் ஆண்டுக்கு ஒருமுறை உயரத்தையும், தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அளந்த அடிமரச் சுற்றளவையும் குறித்துவர வேண்டும். பள்ளி மாணவர்கள் செய்யத்தக்க நல்ல வேலை இது.

பார்வையற்றோர் பள்ளியும் செவித்திறன் குறைந்தோர் பள்ளியும் நெடுங்காலமாக இயங்கிவரும் ஊர் பாளையங்கோட்டை. எனவே பிரெய்ல் எழுத்துப் பலகைகளும், மகிழம், செண்பகம், புன்னை என்று மணத்தால் அறியத்தக்க மரங்கள் நடைபாதையை ஒட்டி நிற்பதும், கை வைத்துத் தடவிப் பட்டையை உணரும் அளவுக்கு அருகில் செல்லும் பாதையும் இங்கே தொடக்கத் திட்டத்திலேயே இருக்க வேண்டும்.

செலவுக்கு என்ன வழி?

மாநகராட்சிப் பொது நிதி, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆகியவற்றோடு, மக்கள் பங்களிப்பாக மூன்றில் ஒரு பங்கைச் செலுத்தி மீதியை அரசிடமிருந்து பெறும் நமக்கு நாமே திட்டமும் உள்ளது. தனியார் நிறுவனம் உதவினால் ஏற்கலாம். ஆனால் நிறுவனத்தின் பெயர் பூங்காவின் பெயரோடு சேரக்கூடாது. சுற்றுச்சுவர், வளைவு, செயற்கை நீரூற்று ஆகியவற்றில் பணத்தைக் கரைக்காமல், போர்வெல், தொட்டி, கம்பிவேலி, கன்றுக்கான கூண்டு ஆகியவற்றுக்கே முதல் ரூபாய் போக வேண்டும்.

ஏற்கெனவே உள்ள பூங்காவின் பெயரை மாற்றி இவர் பெயரை வைக்கலாமா?

ஏற்கெனவே வேறொருவரின் பெயர் இருந்தால் வேண்டாம். எண்ணாலோ மனைப்பிரிவின் பெயராலோ மட்டும் அழைக்கப்படும் பூங்காவாக இருந்து, அங்கே அவர் உண்மையாகவே உழைத்திருந்தால், அதை மரப்பூங்காவாக மேம்படுத்தி அவர் பெயரைச் சூட்டலாம். புதிய நிலம் தேடுவதைவிட இதுவே பல சமயங்களில் விரைவாக முடியும்.

பெயர் சூட்டிய பின் பராமரிப்பு நின்றுபோனால் என்ன செய்வது?

எல்லாக் கேள்விகளிலும் இதுவே கடினமானது. பூட்டிய வாயிலும் காய்ந்த கன்றும் வெளுத்த பலகையுமாக நிற்கும் நினைவுப் பூங்கா, பெயரில்லாத பூங்காவைவிட அந்தப் பணியாளருக்கு அதிக அவமதிப்பு. ஆகவே பெயர் சூட்டும் தீர்மானத்திலேயே பராமரிப்புக்கான தொகையும், நாள்தோறும் பணிக்கு வரும் ஒருவரின் பணியிடமும் குறிப்பிடப்பட வேண்டும். அது இல்லாத தீர்மானத்தை ஏற்காதீர்கள். முதல் மூன்று கோடைகளே இடர் மிகுந்தவை. ஐம்பது கன்றுகளுக்கு, கன்றுக்கு 20 லிட்டர் வீதம் வாரம் இருமுறை என்றால் வாரத்துக்கு 2,000 லிட்டர். இது ஒரு பெரிய லாரித் தண்ணீருக்கும் குறைவு. கிடைக்கவில்லை என்று சொல்லத்தக்க அளவன்று.

ஆண்டுக்கு ஒருமுறை பகுதி சபைக் கூட்டத்தில் பதிவேட்டை வாசிக்கச் சொல்லுங்கள். எத்தனை மரங்கள் நிற்கின்றன, எத்தனை பட்டன, பட்ட இடத்தில் எது நடப்பட்டது என்ற மூன்று விவரங்களும் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். பொது இடத்து மரத்தை வெட்டும் நிலை வந்தால், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் பெறப்பட்டதா என்றும் அங்கேயே கேட்கலாம். அங்கே வேலைபார்க்கும் இன்றைய பணியாளரின் பெயரும் அவருடைய பணிநேரமும் வாயிலில் எழுதப்பட்டிருக்கட்டும். அவருக்கு நிழலில் உட்கார ஓர் அறையும், குடிதண்ணீரும், கழிப்பறையும் இருக்கின்றனவா என்று பார்ப்பதும் அந்தக் கூட்டத்தின் வேலைதான்.